உருண்டை மூக்கு, தட்டை மூக்கு

அக்டோபர் 3, வியாழன்

மாலை ஐந்து இருபதுக்கு வெள்ளைத்தாயின் மரவள்ளிக் காட்டில் ஓர் ஆண் பன்றியைச் சுட்டேன். பன்றி விழவில்லை. கத்திக்கொண்டு ஏலக்காட்டுக்குள் ஓடிவிட்டது.

இதற்கு முன் பதினொன்று சுட்டிருக்கிறேன். பதினொன்றும் நின்ற இடத்திலேயே விழுந்தவை. இந்த மலையில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருப்பது இரண்டே பேருக்கு. ஒருவர் குரியன், இரட்டைக்குழல் துப்பாக்கிக்காரர். இன்னொருத்தி நான், மரிய பாக்கியம், ஓய்வுபெற்ற போலீஸ், ஆயுதக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம். என்னிடம் இருப்பது லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர். அதை வைத்துக்கொண்டு பன்றியா என்று சிரித்தவர்கள் ஐந்தாவது பன்றியோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரம். முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி. கை அசையவில்லை. ஆகவே தப்பு குண்டில்தான் இருக்க வேண்டும். ஆண் பன்றிக்குத் தோளின் மேல் தோல் ரப்பர் ஷீட்டை நாலாய் மடித்த மாதிரி தடித்திருக்கும். கடையில் கிடைப்பது உருண்டை மூக்கு ஈயக் குண்டு. அது சாய்வாகப் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இருட்டும் வரை நானும் வீட்டுக்காரரும் தேடினோம். இலையில் மூன்று இடத்தில் ரத்தம் இருப்பதாக இவர் காட்டினார். பிறகு மழை.

வந்து உளுந்து ஊறப் போட்டேன். அடுக்களைப் பல்பு மங்கிவிட்டது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 4, வெள்ளி

அடிபட்ட பன்றியை விடக்கூடாது. வலியில் இருப்பது எதிரே வந்தால் ஒதுங்காது, பாயும். விடியலிலிருந்து நானும் இவரும் ஓடைவரை இறங்கித் தேடினோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சவரிமுத்து, எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்ந்தவர். காலடித் தடம் எல்லாம் இவர் கண்ணுக்குத்தான் பட்டது. மழைக்குப் பிறகு எனக்கு எல்லாம் ஒரே சேறு.

"சாயங்காலம் வெளிச்சம் கம்மியா இருந்துச்சுல்ல?" என்றார், ஏதோ வானிலை விசாரிப்பவர் போல.

"வெளிச்சம் நல்லாத்தேன் இருந்துச்சு" என்றேன்.

பன்றி கிடைக்கவில்லை. பல்பு மாற்றியாகிவிட்டது. புதிதும் மங்கல்தான். இப்போது வரும் சாமான் ஒன்றும் உருப்படியில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது கூச்சல். வெள்ளைத்தாய் ஆட்டுக்குப் புல்லறுக்கப் போன இடத்தில், ஏலச்செடிக்குள்ளிருந்து பன்றி வந்து அடித்துவிட்டது. வலது தொடை கிழிந்து தொங்கியது. ஜீப்பில் அவள் தலையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். முப்பத்தொரு தையல்.

"நொண்டிக்கிட்டே வந்துச்சுக்கா" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

என் பன்றிதான். வேறு என்ன எழுத. இன்று சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பஞ்சாயத்துப் பிரசிடென்ட் அம்மா எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். அடிபட்ட பன்றி எப்படித் தப்பியது, ஏன் மூன்று நாளில் பிடிபடவில்லை. கேட்க வேண்டியதுதான்.

நான்கு பக்கம் எழுதினேன். சுருக்கம் இதுதான். ரைபிள் குண்டு வேகத்தால் கொல்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அது போகும் வழியில் எதை அறுக்கிறதோ அதுதான் கணக்கு. எனவே அதன் மூக்கு எப்படி இருக்கிறது என்பது முக்கியம். உருண்டை மூக்கு சதையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகிறது. போனபின் சதை மூடிக்கொள்கிறது, ரத்தமும் அதிகம் வராது. எலும்பில் சாய்ந்து பட்டால் திசை மாறும். குழி மூக்கு உள்ளே போனதும் விரியும். மெல்லிய உடம்புக்கு அது சரி, பன்றித் தோளில் விரிந்து அங்கேயே நின்றுவிடும். தட்டை மூக்குதான் விளிம்பால் வெட்டிக்கொண்டு நேரே போகும். குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் காகிதத்தில் வட்டமாக ஓட்டை விழ அதைப் பயன்படுத்துவார்கள். எனக்கு அது வேண்டும்.

இவர் வாங்கிப் படித்துவிட்டு, "நாந் திருப்பி எழுதித் தரட்டா? வரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு" என்றார். எழுதிக் கொடுத்தார். இவர் கையெழுத்து லாரி டிரிப் ஷீட் மாதிரிதான் இருக்கும், ஆனால் படிக்க முடிகிறது.

அக்டோபர் 9, புதன்

ஆஸ்பத்திரி. வெள்ளைத்தாய்க்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நான் போனதும் பக்கத்துக் கட்டில்காரியிடம், "இவங்கதேன் எங்க போலீஸக்கா" என்று அறிமுகம் செய்தாள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

"ஒங்க மேல என்ன தப்பு இருக்கு? குண்டு மொனை சரியில்லேன்னு சவரிமுத்தண்ணன் சொன்னாரு. அத விக்கிறவனையில்ல கேக்கணும்."

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மாவட்ட ரைஃபிள் கிளப் ரேஞ்சுக்குப் போனேன். லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்து டவுன் டீலரிடம் வாங்கிய தட்டை மூக்குத் தோட்டாக்களும் கையில். பழைய பேப்பர்க் கட்டுகளை இரவே தண்ணீரில் ஊறவைத்துப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோயிருந்தேன். ஈரப் பேப்பர் சதைக்குப் பதில். முன்னால் இரண்டு ரப்பர் ஷீட், பன்றித் தோலுக்குப் பதில். பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்து, மூன்று மீட்டரிலிருந்து ஆறு தோட்டா சுட்டேன்.

உருண்டை மூன்று: ஒன்று பதினெட்டு அங்குலம் போயிருந்தது, ஆனால் வளைந்து. ஒன்று பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைத் துளைத்து வெளியே. மூன்றாவது பதினாறு. ஷீட்டில் விழுந்த ஓட்டை மூடிக்கொண்டுவிட்டது, சுண்டுவிரல் நுழையவில்லை.

தட்டை மூன்று: பதினான்கு, பதிமூன்றரை, பதினான்கு. ஆழம் குறைவு. ஆனால் நூல் பிடித்த மாதிரி நேர். ஷீட்டில் பொட்டு வட்டத்துக்கு ரப்பர் வெட்டுப்பட்டு விழுந்திருந்தது.

ஆக நான் சொன்னது சரி. இந்த ஒரு வாரத்தில் இன்றுதான் மூச்சு சீராக வந்தது. சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்.

பெட்டியைக் கட்டியபின் பொழுதுபோக்காகப் பதினைந்து மீட்டர் காகிதத்தில் பத்துச் சுட்டேன். நான்கு காகிதத்திலேயே இல்லை. அந்தக் கொட்டகையில் வெளிச்சம் எதிரிலிருந்து அடிக்கிறது. ரேஞ்ச் பொறுப்பாளர், "மேடம், கண்ணாடி மாத்தி எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டார். நான் அவரிடம் கண்ணாடி பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

பஞ்சாயத்துக் கூட்டம். வெட்டுப்பட்ட ரப்பர் ஷீட்டைத் தூக்கிக் காட்டி விளக்கினேன். உறுப்பினர்கள் ஆளாளுக்கு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்கள். என் விளக்கம் ஏற்கப்பட்டது. இனி நான் தட்டை மூக்கு பயன்படுத்துவதாக எழுதிக்கொண்டார்கள்.

குரியன் கடைசி பெஞ்சில் இருந்தார். வெளியே வந்ததும், "நல்லா பேசினீங்க சேச்சி" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உருண்டையோ தட்டையோ, நாம காட்டுற எடத்துக்குத்தானே அது போகும்?"

பொறாமை. வேறென்ன.

அக்டோபர் 16, புதன்

மழை. கண் எரிச்சல். அடுப்புப் புகை.

அக்டோபர் 17, வியாழன்

நேற்று எழுதியதை இவர் படித்திருக்கிறார். "கேஸ் அடுப்புல ஏது புகை?" என்கிறார். அடுத்தவர் டைரியைப் படிக்கிற ஆளிடம் நான் பதில் சொல்வதாக இல்லை. தோசைக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். பேசாமல் தின்றார், அதற்கு மட்டும் நன்றி.

அக்டோபர் 19, சனி

பன்றி கிடைத்துவிட்டது.

காலை எட்டரைக்குக் குரியன் போன். அவர் தோட்டத்துப் பாழுங்கிணற்றில் ஒரு பன்றி விழுந்து கிடக்கிறது, பின்னங்கால் ஊன்ற மாட்டாமல் கிடக்கிறது, அதேதான் என்றார். பிரசிடென்ட் அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டாராம். "நான் முடிச்சிரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், இது என் வேலை என்று போனேன்.

கிணறு ஆழமில்லை. மேலேயிருந்து மூன்று மீட்டர். குனிந்து ஒரே தோட்டா, தட்டை மூக்கு. அப்படியே சாய்ந்தது. கயிறு கட்டி மேலே இழுத்தோம்.

சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும் என்பது உத்தரவு. புதைக்கும் முன் குண்டு போன வழியைக் கம்பளி பின்னும் ஊசி விட்டுப் பார்ப்பது என் வழக்கம். பதினொன்றுக்கும் பார்த்திருக்கிறேன். இன்றைய குண்டு தோள் வழியாக நேரே நெஞ்சுக்குள். சொன்னதைச் செய்திருக்கிறது.

பழைய காயம் ஒன்று பின் தொடையில் இருந்தது, புழு வைத்து. ஊசியை விட்டேன். நேராகப் போயிற்று. ஒன்பது அங்குலம். இடுப்பெலும்பில் உட்கார்ந்திருந்த உருண்டை மூக்குக் குண்டை இவர்தான் கத்தி முனையால் எடுத்துக் கொடுத்தார்.

தோளில் பட்டு வழுக்கி வந்திருந்தால் தோலில் ஒரு கோடாவது இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவித் தடவித் தடவிப் பார்த்தேன். தோளில் கீறல்கூட இல்லை. தோளிலிருந்து அந்த இடத்துக்கு இரண்டு முழம். வேறு யாராவது சுட்டிருக்கலாம். .32 இந்த மலையில் வேறு யாரிடமும் கிடையாது.

குரியன் பன்றியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிப்போர்ட் படிவம் அவர் கையில்.

"சேச்சி, இந்த ரெண்டாவது ஓட்டைக்கு என்ன எழுதணும்?"

"பழசு" என்றேன்.

'பழைய காயம்' என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முட்டுவலி.

அக்டோபர் 22, செவ்வாய்

வெள்ளைத்தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் போய்ப் பார்த்து வந்தார். "பன்னிய நீ முடிச்சிட்டன்னு கேட்டு அம்புட்டு சந்தோசம் அதுக்கு. நீ வரலையான்னு கேட்டுச்சு" என்றார்.

போக வேண்டும். துணி நிறைய சேர்ந்துவிட்டது, துவைத்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். துவைத்து முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது.

அக்டோபர் 23, புதன்

புதிய உத்தரவு. அங்கன்வாடிக்குப் பின்னால் உள்ள வாழைத் தோட்டத்தில் தாய்ப்பன்றி ஒன்றும் குட்டிகளும் வருகின்றன. பிள்ளைகள் வரும் வழி. 'திருமதி மரிய பாக்கியம் அவர்கள் தட்டை மூக்குத் தோட்டா கொண்டு சுடுவதற்கு' என்று என் பெயர் போட்டே வந்திருக்கிறது. கூட்டத்தில் நான் பேசியது அத்தனை பதிந்துவிட்டது போல.

நாளைக் காலை இடத்தைப் பார்க்கப் போகிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

காலை ஒன்பது மணிக்குப் போனேன். தூறல். வேலியோரம் நின்று பின்னால் என்ன இருக்கிறது, சுட்டால் குண்டு எங்கே போய் நிற்கும் என்றெல்லாம் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சேற்றைக் கிளறிக்கொண்டு ஒரு குட்டிப் பன்றி. கறுப்பு. முதுகு தெளிவாகத் தெரிந்தது. சத்தம் போடாமல் நெருங்கினேன். பத்து எட்டு இருக்கும்போது அது எழுந்து நின்று, "குட் மார்னிங் போலீஸ் அத்தை" என்றது.

கறுப்பு மழைக்கோட்டு போட்ட பெண்பிள்ளை. நாலு வயசு இருக்கும். காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

குட் மார்னிங் சொன்னேன்.

ரிவால்வர் பையில்தான் இருந்தது. கையில் எடுக்கவில்லை. இன்னொரு முறை எழுதுகிறேன், எடுக்கவில்லை. ஆனால் பையின் ஜிப்பைத் திறந்திருந்தேன். எப்போது திறந்தேன் என்று தெரியவில்லை.

வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். வீட்டில் இவர் கேட்டதற்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதேன்.

"எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன்யா சொல்லல?"

"சொன்னேன் பாக்கியம். வெளிச்சம் கம்மின்னு சொன்னேன், வரி ஏறுதுன்னு சொன்னேன், பொகைக்குச் சொன்னேன். நேரா சொல்லத்தேன் பயம். சுடுறது மட்டுந்தேன் ஒனக்குப் பெருமைன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

அக்டோபர் 25, வெள்ளி

ரிவால்வரையும் மீதித் தோட்டாக்களையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். எழுத்தர், "என்னம்மா, வெளியூர் போறீங்களா?" என்றார். கண் தெரியவில்லை என்று சொன்னேன். இந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

அங்கிருந்து பஞ்சாயத்து ஆபீஸ். 3-ஆம் தேதி நான் குறிவைத்தது தோள், பட்டது பின் தொடை, 19-ஆம் தேதி ரிப்போர்ட்டில் உள்ள பழைய காயம் என்னுடையது. உருண்டை மூக்குக் குண்டு வழுக்கவும் இல்லை, வளையவும் இல்லை, நான் அனுப்பிய இடத்துக்கே போயிற்று. இவ்வளவுதான், ஆறு வரி. வரி ஏறியிருந்தாலும் இருக்கட்டும் என்று நானே எழுதினேன். குண்டை ஒரு கவரில் போட்டு அதனுடன் இணைத்தேன்.

பிரசிடென்ட் அம்மா இரண்டு முறை படித்தார். "பஞ்சாயத்து மொத்தமும் அந்த ஓட்டையில விரலை விட்டுப் பாத்துச்சே" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அங்கன்வாடி வேலையைக் குரியன் பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 26, சனி

தேனிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்யலாம், பார்வை பெரும்பாலும் திரும்பும் என்கிறார்.

"வண்டி ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். துப்பாக்கி பற்றி அவர் கேட்கவில்லை, யாருக்கும் கேட்கத் தோன்றாது. நானாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

பார்வை திரும்பினால் துப்பாக்கியும் திரும்ப வேண்டுமா என்று பஸ்ஸில் இவர் கேட்டார். தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேரே வெள்ளைத்தாய் வீடு. இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்காராமலே சொன்னேன். குண்டு மேல் தப்பில்லை, என் கண்தான் தப்பு, தோளில் படவேண்டியது தொடையில் பட்டது.

உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"தொடையிலயா?"

"தொடையில."

"அதுக்கும் தொடை, எனக்கும் தொடை" என்றாள்.

கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சு எத்தன நாளாச்சுக்கா?"

"பன்னியக் கிழிச்சுப் பாத்தப்பவே. எட்டு நாளாச்சு."

"கண்ணு?"

"அது ரொம்ப முந்தியே. ஒத்துக்கல."

பூண்டுத் தோலைக் கையால் கூட்டி ஓரமாகத் தள்ளினாள். "ஆஸ்பத்திரில நர்ஸம்மாகிட்ட, டாக்டருகிட்ட, பக்கத்துக் கட்டிலு மலையாளத்துப் பொம்பளகிட்டகூடச் சொன்னேன். மொனை சரியில்லாத குண்டு, எங்கக்கா மேல தப்பில்லேன்னு. அது பாஷ தெரியாமத் தலைய ஆட்டுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது, இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

"இனிமே அங்கன்வாடிப் பக்கம் யாரு சுடுறா?" என்று கேட்டாள்.

"குரியன்."

"அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ பேருக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நம்பர் கேட்டிருக்கிறேன், கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். இதை ஒருவரிடமும் கேட்டதில்லை.

"கேக்கல" என்றேன்.

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

குரியன் வீடு இரண்டு வளைவு மேலே. அப்போதே ஏறினேன்.